பதினான்கு கல்லும் ஒரு பொட்டலம் திருநீறும்

செப்டம்பர் 24, புதன்

கொக்குக்கரட்டின் உச்சியிலிருந்து அடிவாரம் வரை பதினான்கு கல் உடைத்துக்கொண்டு வந்தாயிற்று. உச்சியில் எடுத்ததற்கு எண் ஒன்று, அடிவாரத்தில் எடுத்ததற்கு எண் பதினான்கு. ஒவ்வொன்றும் ஒரு தேங்காய் அளவு. சம்மட்டி பிடித்து வலது கை கொப்பளித்துவிட்டது.

கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "ஏனுங்கம்மணி, தங்கங்கிங்கம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"தங்கத்த விட ஒசத்திங்க. நெலா இருக்குது."

அவர் என் தலையை ஒரு பார்வை பார்த்தார். "இன்னிக்கு வெயிலு சாஸ்திதானுங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் ஒன்றும் பொய் சொல்லவில்லை. நிலவின் வெள்ளைப் பகுதி எந்த வகைக் கல்லோ, அந்த வகைதான் இந்தக் கரடும். நாமக்கல் பக்கத்து வெள்ளைக் கல்லை அரைத்துத்தான் நிலவு மண்ணுக்கு மாற்றுமண்ணே செய்தார்கள். ஆறு வருடமாக இந்தக் கல்லோடுதான் என் குடித்தனம்.

வடக்கே ஓர் ஆய்வகத்தில் பாறையை அழுத்தி உருக்கி, நிலவின் வயிற்றுக்குள் இருப்பதுபோல் வைத்துப் பார்க்கும் உலை ஒன்று இருக்கிறது. அங்கே இரண்டு வருட வேலை. இடம் ஒன்றே ஒன்று. அக்டோபர் 31 கடைசி நாள். அடுத்த வருடம் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். நாற்பது பேராவது விண்ணப்பிப்பார்கள் என்றார் என் வழிகாட்டி குலசேகரன் சார். விண்ணப்பிக்கட்டுமே! அந்த ஒரு ஆள் இந்த மங்கையர்க்கரசிதான். இதிலெல்லாம் அடக்கம் காட்ட எனக்கு வராது.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

ஆய்வகம் முழுக்கக் கழுவி விட்டோம். மைக்ரோஸ்கோப்புக்குப் பொட்டு, பிரிண்டருக்குப் பொட்டு, சாரின் சைக்கிளுக்கும் பொட்டு. எல்லோரும் மெஷினுக்கு வெளியேதான் சந்தனம் பூசினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. வெளித்தகரமா வேலை செய்கிறது? கல் நொறுக்கும் கிரஷரின் மூடியைத் திறந்து, கல்லைக் கடிக்கிற இரண்டு தாடைக்கும் பல் பல்லாகப் பூசினேன். அம்மா பசுஞ்சாணம் தட்டிச் சுட்டு, சலித்து அனுப்பிய திருநீறு ஒரு பொட்டலம் முழுதும் சந்தனத்தில் குழைத்து, கெட்டியாக. செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டாமா?

கிரஷர் அறைக்குப் பொறுப்பு லூர்துசாமி அண்ணன். அப்போது அவர் வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். மகளுக்குப் பிரசவம், நாளையிலிருந்து ஒரு மாதம் லீவில் திருச்சி போகிறார். கிளம்பும்போது, "தங்கச்சி, நான் வர்ற வரைக்கும் மெசின்ல கை வெக்காத. அதுக்கு ஒரு பழக்கம் இருக்கு" என்றார்.

"பேத்தி பொறந்தா சாக்லேட்டோட வாங்கண்ணே" என்றேன். ஒரு மாதமெல்லாம் யார் காத்திருப்பது?

சுண்டல் நன்றாக இருந்தது. மூன்று தொன்னை சாப்பிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

நல்ல நாள் என்று இன்றே தொடங்கி, இன்றே முடித்தும் விட்டேன். ஒன்றிலிருந்து பதினான்கு வரை வரிசையாக. ஒவ்வொரு கல்லுக்கும் இடையில் பிரஷ் போட்டு, காற்றடித்துத் துடைத்தேன். லூர்துசாமி அண்ணன் இருந்தால் தாடையில் ஒட்டியதை வழித்தெடுக்க ஒவ்வொரு முறையும் வெங்கச்சங்கல்லை, அதாவது சுத்தமான குவார்ட்ஸை, போட்டு ஓட்டி, கொட்டி, மறுபடி ஓட்டி, ஒரு நாளைக்கு நான்கு கல்தான் நொறுக்குவார். எல்லாம் ஒரே கரட்டுக் கல்தானே, ஒன்றோடு ஒன்று ஒட்டினால் என்ன குடி முழுகிவிடும்?

முதல் கல் நொறுங்கி விழுந்தபோது அறையே சந்தன வாசம். இரண்டாவதிலும் வந்தது. நல்ல சகுனம்.

அக்டோபர் 3, வெள்ளி

தோள் வலி. கல்தூள் பொட்டலம் பதினான்கு. துணி துவைத்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

கிடைத்துவிட்டது! கிடைத்தே விட்டது!

நிதானமாக எழுதுகிறேன்.

நிலவு பிறந்த புதிதில் அதன் மேல்பகுதி, நூற்றுக்கணக்கான மைல் ஆழத்துக்கு, உருகிய பாறைக் குழம்பாக, மேக்மாவாகக் கிடந்தது என்பதுதான் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் விளக்கம். அது ஆறும்போது கனமான கனிமங்கள் அடியில் போய்ப் படிந்து மேன்டில் என்ற உள்ளடுக்கு ஆயின. லேசான வெள்ளைக் கனிமம் மேலே மிதந்து, பால் ஏடு போலப் படிந்தது. இரவில் நாம் பார்க்கும் வெளிச்சம் அந்த ஏட்டில் பட்டுத் திரும்புவதுதான். இரண்டிலும் சேராமல் கடைசி வரை குழம்பிலேயே தங்கிய சாறு ஒன்று உண்டு. அதில் பொட்டாசியம், பாஸ்பரஸ், அருமண் தனிமங்கள் மூன்றும் கூட்டாக இருக்கும்.

பூமியும் செவ்வாயும் இப்படித்தான் உருகித் தொடங்கியிருக்க வேண்டும். செவ்வாய் சின்னது, சீக்கிரம் ஆறிற்று. பூமியின் மேன்டில் இறுகிய பாறையாக இருந்தும் இன்றுவரை மெல்லப் புரண்டுகொண்டே இருக்கிறது, உருக்கி உருக்கிப் புதுத் தரை போடுகிறது. அதனால் நம்மிடம் பழைய ஏடு மிஞ்சவில்லை. நிலவில் அப்படியே இருக்கிறது. கொக்குக்கரடு நிலவு இல்லைதான். பூமிக்குள் ஒரு மேக்மாத் தொட்டியில் ஆறிய கல். ஆனால் மிதப்பதும் படிவதும் எங்கேயும் ஒரே விதிதான்.

இன்று எக்ஸ்ரே கருவி சொன்னது: உச்சியில் எடுத்த ஒன்றாம் கல்லில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் அடிவாரக் கல்லைப்போல் ஐந்து மடங்கு. இரண்டில் சற்றுக் குறைவு. மூன்றில் இன்னும் குறைவு. பதினான்கு வரை, ரூல் தடி வைத்துக் கோடு போட்டதுபோல் இறங்கிக்கொண்டே வருகிறது. அதாவது கடைசிச் சாறு ஏட்டுக்கு அடியில் சிக்கிக்கொள்ளவில்லை, ஏட்டைத் துளைத்து மேலே ஏறியிருக்கிறது! இங்கே ஏறினால் நிலவிலும் ஏறியிருக்கலாம். இதை இதுவரை யாரும் இப்படிக் காட்டியதில்லை.

கேன்டீனில் எனக்கு நானே ஒரு ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன்.

அக்டோபர் 18, சனி

சாரிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லா இருக்கு மங்கை. ரொம்பவே நல்லா இருக்கு. அதான் யோசிக்கிறேன்."

"நல்லா இருந்தா சந்தோஷப்படணும் சார்."

"பதினாலு கல்லுல ஒண்ணு கூடவா வரிசை மாறாது? வீட்டுல ரெண்டு புள்ளைங்கள வரிசையா நிக்க வெக்க முடியல." பிறகு, "அருமண் தனிமம் பாத்தியா? மூணும் சேந்து வந்தாதான் அது கடைசிச் சாறு" என்றார்.

எரிச்சலாக வந்தது. ஆனாலும் கல்தூளில் பொட்டலத்துக்கு ஒரு கரண்டி எடுத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டேன். வரட்டும், மூக்கை உடைக்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

பரமத்தி வேலூர். வீட்டில் அம்மாவுக்கு நிலவுக் கதை முழுவதும் சொன்னேன். அதிரசம் தட்டிக்கொண்டே கேட்டாள். "அப்ப அந்தக் கடேசிச் சாறுதான் உன்ற கையில மாட்டிருச்சாக்கும்?" என்றாள். புத்திசாலி! சாருக்குப் புரியாதது இவளுக்குப் புரிகிறது.

மதியம் தோட்டத்தில் கத்தரிச் செடிக்கு அடுப்புச் சாம்பல் போட்டாள். "கடையில உரம் வாங்கி என்னத்துக்கு? மணிச்சத்து, சாம்பச்சத்து ரெண்டும் இதுலயே இருக்குது" என்றாள். கத்தரி காய்த்துத் தொங்குகிறது.

"போன தடவ குடுத்த திருநீறு தீந்துருச்சா கண்ணு?"

"மெஷினுக்கே பூசிட்டேன்மா, பொட்டலம் முழுசும்."

"நல்ல காரியம் பண்ணுனே" என்று இன்னொரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

அக்டோபர் 31, வெள்ளி

விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. முதல் பக்கத்திலேயே அந்தக் கோடு. அருமண் முடிவு இன்னும் வரவில்லை, அதற்காகக் காத்திருக்க முடியுமா? "அனுப்பறது உன் இஷ்டம்" என்றார் சார். என் இஷ்டம்தான்.

நவம்பர் 6, வியாழன்

அருமண் முடிவு வந்தது. பதினான்கிலும் ஒரே அளவு. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

இதற்கு நூறு காரணம் இருக்கலாம். நீர் வந்து பொட்டாசியத்தை மட்டும் இழுத்துப் போயிருக்கலாம். ஆறு காரணம் எழுதி வைத்திருக்கிறேன். ஆறில் ஏதாவது ஒன்று நிற்கும்.

நவம்பர் 7, வெள்ளி

மழை. லூர்துசாமி அண்ணன் வந்துவிட்டார். பேத்திதான். பெயர் ஜெசிந்தா. சாக்லேட் கொடுத்தார். நீலத் தாளில் சுற்றிய சாக்லேட்.

நவம்பர் 8, சனி

தலைக்குக் குளித்தேன். அறையைப் பெருக்கினேன். பழைய செருப்பைத் தைக்கக் கொடுத்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

அலமாரியில் காகிதம் மாற்றினேன். அம்மா இரண்டு முறை கூப்பிட்டாள், எடுக்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

சரி. எழுதித்தான் ஆக வேண்டும். என் நாட்குறிப்பிடமே நான் ஒளிவதா?

வெள்ளிக்கிழமை அண்ணன் கிரஷரைத் திறந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரால் பல் இடுக்கில் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு சின்ன வில்லை.

"இதென்ன தங்கச்சி, பல்லுக்குள்ள?"

"சந்தனம்ணே."

மோந்து பார்த்தார். "மெசினு வாய்க்குள்ளயா பூசுன? சரி, பூசுனது பூசியாச்சு. மொதக் கல்லுக்கு முன்னாடி வெங்கச்சங்கல்லு எத்தன தடவ ஓட்டுன?"

"ஒரு தடவைகூட இல்லண்ணே" என்றேன். எல்லா வருடமும் பூஜைக்கு மறுநாள் வெங்கச்சங்கல் போட்டு ஆறு தடவை ஓட்டுவாராம். அதுதான் அவர் சொன்ன பழக்கம்.

இன்று காலை அம்மாவின் புதுப் பொட்டலத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து எக்ஸ்ரே கருவியில் வைத்தேன். பொட்டாசியம், பாஸ்பரஸ் இரண்டும் ஏராளம், அம்மா சொன்ன அதே சாம்பச்சத்தும் மணிச்சத்தும். இதில் இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கிறதோ, ஒன்றாம் கல்லில் கூடுதலாக இருந்ததும் அதே விகிதம். முதல் கல் அதிகம் வழித்துக்கொண்டது, இரண்டாவது கொஞ்சம் குறைவாக, மூன்றாவது இன்னும் குறைவாக. நான் கரட்டின் வரிசையிலேயே நொறுக்கினேன், அதனால் வழித்த வரிசையும் கரட்டின் வரிசையாகிவிட்டது. நடுவில் ஒரு கல்லை முன்பின்னாகப் போட்டிருந்தால்கூடத் தெரிந்திருக்கும். வரிசை பிசகாமல் செய்தேன் என்று பெருமை வேறு!

நிலவின் கடைசிச் சாறு என்று நான் குதித்தது எங்கள் வீட்டு மாட்டுச் சாணம்.

அழுதேன். பிறகு சிரிப்பு வந்தது. பிறகு மறுபடி அழுதேன்.

நவம்பர் 12, புதன்

நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டது. 28ஆம் தேதி. ஆறே பேரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். "குறிப்பாக உங்கள் முதல் படம் குழுவினரை மிகவும் ஈர்த்தது" என்று எழுதியிருக்கிறார்கள்.

இது யாருக்கும் தெரியாது. அண்ணனுக்குச் சந்தனம் தெரியும், படம் தெரியாது. சாருக்குப் படம் தெரியும், சந்தனம் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். இன்று முழுவதும் இந்த ஒரு நினைப்போடுதான் சுற்றினேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 13, வியாழன்

சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். முழுக்க. கேட்டுக்கொண்டே தன் நெற்றியின் மூன்று பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"திருத்தம் அனுப்புனா கூப்பிட்டத ரத்து பண்ணுனாலும் பண்ணுவாங்க."

"தெரியும் சார்."

"வயசு வரம்பு?"

"அதுவும் தெரியும் சார்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்து நிக்கிற? போய் அனுப்பு."

அனுப்பிவிட்டேன். எட்டு வரி. 'கிரஷரின் தாடையில் நான் பூசிய சாம்பலால் மாசுபட்ட முடிவு. முதல் படத்தைத் தள்ளிவிடவும். கற்களின் மீதிப் பாதியை மறுபடி நொறுக்குகிறேன்.' அனுப்பியதும் பசித்தது. நான்கு இட்லி சாப்பிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

இன்று முதல் மறு நொறுக்கல். நல்ல வேளை, ஒவ்வொரு கல்லிலும் பாதியை உடைக்காமல் வைத்திருந்தேன். அண்ணன் தாடையைக் கழற்றிச் சுரண்டி, வெங்கச்சங்கல் ஆறு தடவை ஓட்டினார். ஒவ்வொரு கல்லுக்கும் நடுவில் மறுபடி இரண்டு தடவை. இந்த முறை வரிசை இல்லை. சீட்டுக் குலுக்கி எடுத்தோம். அண்ணனுக்கு அதில் ஏக சந்தோஷம். "ஒம்போதாம் நம்பர்! யாருப்பா ஒம்போது, மேடைக்கு வரவும்!" என்று கத்தினார். ஒரு நாளுக்கு நான்கு கல். முடிக்க நான்கு நாள். வாயைத் திறக்காமல் உதவி செய்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

அம்மாவிடம் போனில் சொன்னேன். பயந்துகொண்டேதான். சாமி குற்றம் என்று கலங்குவாள், தன் கையால் சுட்ட திருநீறால் என் பிழைப்புப் போயிற்றே என்று அழுவாள் என்று நினைத்தேன்.

"ஏங்கண்ணு, நெத்தியில வெக்கறதக் கொண்டு போயி கல்லு ஒடைக்கற மிசினு வாயில வெச்சா, அதென்ன பண்ணும்? அதும்பாட்டுக்கு அதோட சத்தக் குடுத்துட்டுப் போவுது. கத்திரிச் செடிக்கிட்டக் கேட்டிருந்தாச் சொல்லியிருக்குமல்லொ?"

"நீயே அன்னிக்கு சொன்னியே, எனக்குத்தான் உறைக்கல."

"நீ எப்பத்தான் நான் சொல்றத காதுல வாங்கியிருக்கற?"

நவம்பர் 21, வெள்ளி

புது முடிவு. பதினான்கும் ஒரே மட்டம். பொட்டாசியமும் பாஸ்பரஸும் கருவியின் கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம் என்கிற அளவு. கோடு தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. பார்க்க ஒன்றுமே இல்லாத படம்.

அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் மண்டையில் ஏறியது. இத்தனை சுத்தமாகவா! வெள்ளைக் கனிமம் திரளும்போது நடுவில் கொஞ்சம் குழம்பு சிக்கும், சிக்கத்தான் வேண்டும். இங்கே சிக்கவே இல்லை. முழுக்க வடிந்து போயிருக்கிறது. வடிய நேரம் வேண்டும், அப்படியென்றால் தொட்டி மெதுவாக, மிக மெதுவாக ஆறியிருக்கிறது. ஏட்டில் எவ்வளவு சாறு சிக்கியிருக்கிறது என்று பார்த்தே ஒரு கோள் எவ்வளவு காலம் உருகிக் கிடந்தது என்று சொல்லிவிடலாமே! அந்த உலையில் இந்தக் கல்லை உருக்கி, மெதுவாகவும் வேகமாகவும் ஆறவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தச் சாய்ந்த கோட்டை விட இது பெரிய கேள்வி.

திருத்தத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. ரத்து என்றும் சொல்லவில்லை. ரயிலுக்குப் பதிவு செய்துவிட்டேன்.

நவம்பர் 28, வெள்ளி

மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். தலைவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஓர் அம்மையார். நான் போனதும் முதல் படத்தையே போட்டேன். அதற்குப் பக்கத்தில் மேஜைமேல் அம்மாவின் பொட்டலத்தை வைத்தேன். "இந்தக் கோட்டை வரைந்தது இதுதான்" என்றேன். லூர்துசாமி அண்ணன் லீவு முடிந்து வந்து தாடையிலிருந்து நெம்பி எடுத்ததையும் சொன்னேன். ஒருவர் சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை.

பிறகு இரண்டாவது படம். தரையோடு படுத்த கோடு. அதைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். பேசப் பேச எனக்கே அந்தக் கல்மேல் ஆசை கூடிற்று.

கடைசியில் அம்மையார் ஒன்றே ஒன்று கேட்டார். "உங்கள் லூர்துசாமி லீவிலிருந்து திரும்பி வராமல் இருந்திருந்தால்?"

ஆறு காரணம் எழுதி வைத்திருந்தது நினைவுக்கு வந்தது.

"முதல் படத்தோடுதான் உங்கள் முன் நின்றிருப்பேன் மேடம். சந்தோஷமாக" என்றேன்.

அவர் என்னவோ குறித்துக்கொண்டார். வெளியே வந்து தண்ணீர் குடித்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

ஜனவரி 5 சேர வேண்டுமாம்.

கிரஷர் அறைக்கு ஓடினேன். அண்ணன் கையில் பேத்தி போட்டோ. "எனக்குக் கெடச்சிருச்சுண்ணே!" என்று கத்தியதில் போட்டோ கீழே விழுந்துவிட்டது. பொறுக்கித் துடைத்துக்கொண்டு, "கத்தாத தங்கச்சி, மெசினு பயந்துக்கும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

ஜனவரி 5, திங்கள்

இங்கே குளிர் எலும்பில் இறங்குகிறது. அம்மா வைத்துவிட்ட திருநீறு நெற்றியில் இருக்கிறது. "வெளியவே இருக்கட்டும், எதுக்குள்ளயும் போட்றாத" என்று சொல்லி அனுப்பினாள்.

உலையைக் காட்டினார்கள். உள்ளே வைக்கும் பாறைத்தூள் ஓர் அரிசி அளவுதான். அந்த அரிசிக்குள் ஒரு நிலவையே உருக்கி ஆறவிடலாம். முதலில் கொக்குக்கரட்டுக் கல்லை நொறுக்க வேண்டும். கிரஷர் பக்கத்து அறையில், பளபளவென்று புதிது. பொறுப்பில் இருப்பவர் மூடியைத் திறந்து, நேற்றுத்தான் கழுவியது, அப்படியே கல்லைப் போடலாம் என்றார்.

பார்க்கவே தெரிந்தது, சுத்தமாகத்தான் இருந்தது.

பையின் அடியிலிருந்து லூர்துசாமி அண்ணன் கட்டிக் கொடுத்த துணி மூட்டையை எடுத்து அவிழ்த்தேன். இரண்டு கிலோ வெங்கச்சங்கல். இதை எதற்குத் தெற்கிலிருந்து சுமந்து வந்தேன் என்று மூடியைத் திறந்தவருக்கு விளங்கவில்லை.

"முதலில் இது. ஆறு தடவை" என்றேன்.